அஸ்கா கலந்த வெல்லம்

குசுகுசுவென்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். சமையலறையிலிருந்து பார்த்தால் ஹாலில் பாதி தெரியும். அந்தப் பாதியில்தான் இவரும் சுகுணாவும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் நாற்காலியில், அவள் கீழே தொட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கையால் பாப்பாவை ஆட்டிக்கொண்டு. வாய் அசைகிறது, கை அசைகிறது, இவர் தலையைக்கூட ஆட்டுகிறார், ஒரு சொல் இந்தப் பக்கம் வருவதில்லை. கம்பத்தடியில் நின்றுகொண்டு மேலே கம்பி மாட்டுகிறவனுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தியே வேலையில் காலம் தள்ளின மனுஷன், சோற்றுக்கு உப்புக் கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும், அந்த லைன்மேன் ராக்கியப்பன் எப்போது இவ்வளவு மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார்? பெண்ணும் பேத்தியும் வந்த நேற்றிலிருந்து இல்லை, ரொம்ப நாளாகவே இப்படித்தான். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார், கறிவேப்பிலைச் செடிக்கு முன்னால் நின்று முணுமுணுப்பார், நான் போனால் வைத்துவிடுவார். கரண்டியும் கையுமாகப் போய் நடுவில் நின்று என்ன சங்கதி என்று கேட்டுவிடலாம்தான். ஆனால் அடுப்பில் வெல்லம் கரைந்துகொண்டிருக்கிறது. முறுக்கு மாவென்றால் மூடி வைத்துவிட்டுப் போகலாம், அதிரச மாவு ஒரு நாள்கூடக் காத்திருக்கும், பாகு காத்திருக்காது. அது தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். காலையில் பல் விளக்கிவிட்டு நேரே என் முன்னால் வந்து, "அம்மா, கமர்கட்டுத் திங்கோணும்னு ஆசையா இருக்குது, செஞ்சு தர்றியா?" என்றாள். பால் கொடுக்கிற பெண் வாய்விட்டுக் கேட்கிறாளே என்று நானும் உருகிப்போய்த் தேங்காயை உடைத்துவிட்டேன். உடைத்து, துருவி, வெறும் வாணலியில் போட்டுச் சிவக்கப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் எப்போது கமர்கட்டுத் தின்றாள்? சின்னதில் கொடுத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டே போய்த் துளசிச் செடிக்குள் துப்பிவிட்டு வருவாள், எறும்பு மொய்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். அவளுக்காவது, கமர்கட்டு மேல் ஆசையாவது. என்னை அடுப்போடு கட்டிப்போட வேண்டும், அவ்வளவுதான்.

எதற்கென்று எனக்கென்ன தெரியாதா? வீடுதான். இந்த வீடு என் பேரில் இருக்கிறது. எங்கப்பா கட்டி, மகனுக்கு வயலைக் கொடுத்து, பெண்ணுக்கு வீடு என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வாடகை வீடு கட்டுப்படியாகவில்லை, ஃபிளாட் வாங்க வேண்டும் என்று போன பொங்கலுக்கே பேச்சு அடிபட்டது. அவருடைய கூட்டாளி ஒருவன் கோயமுத்தூரில் வக்கீல். கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே இருந்தான், அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று ராத்திரி பார்த்தால் இவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், "வெள்ளிக்கெழம கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டு வந்தர்லாம், ரெடியா இரு." எதுக்குங்க என்றேன். எதுக்குங்க என்று மறுபடியும் கேட்ட பிறகுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "போனாத் தெரியுது, வாயேன்" என்றார். முகத்தில் ஒரு கள்ளம். எதிர்வீட்டு ருக்குமணியை மருதமலைக்கு என்று சொல்லித்தான் காரில் ஏற்றினார்கள். முருகனையும் காட்டினார்கள், வருகிற வழியில் ஒரு ஆபீஸில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மகன் வீட்டில் டீவிக்கு அடியில் பாய் விரித்துக் கிடக்கிறாள், அவர்கள் சீரியல் பார்த்து முடிகிறவரை படுக்க முடியாதாம். என்னிடம் அது நடக்காது. பேனாவைக் கையில் கொடுத்தால் பேனாவை உடைப்பேன்.

வெல்லம் கரைந்துவிட்டது. வடிகட்டினால் அடியில் மண் நிற்கிறது, கரும்புத் தோல் நிற்கிறது, அதெல்லாம் இருக்கத்தான் செய்யும், அது நல்ல வெல்லத்துக்கு அடையாளம். எனக்குச் சந்தேகம் நிறத்தின் மேல். கவுந்தப்பாடி வெல்லம் என்று அடித்துச் சொல்லித்தான் கடைக்காரன் கொடுத்தான், ஆனால் கவுந்தப்பாடி வெல்லம் இப்படி மஞ்சளாகப் பளபளவென்றா இருக்கும்? அஸ்கா கலந்திருக்கிறான். வெள்ளைச் சர்க்கரையை மூட்டை மூட்டையாகக் கொட்டித்தான் இப்போதெல்லாம் வெல்லம் காய்ச்சுகிறார்களாம். நான் உரக்கவே கேட்டேன், ஏனுங்க இது அஸ்கா கலந்ததுதானே என்று. அவன் என்னமோ சொன்னான், கடைப் பையன்கள் சிரித்தார்கள், இவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார். எல்லாரும் கூட்டு. சரி, எந்த வெல்லமாக இருந்தால் என்ன, பாகு வந்தால் தெரிந்துவிடும். என்னிடம் மறைக்க முடியாது. ஊரில் எல்லாரும் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் பதம் என்பார்கள். கை ஏமாற்றும். நிறமும் ஏமாற்றும், லைட்டு மாறினால் நிறம் மாறும். உருட்டின உருண்டையைத் தட்டில் போட வேண்டும், ணங்கென்று சத்தம் வரவேண்டும், அதுதான் கமர்கட்டுப் பதம். பொத்தென்றால் பத்தாது, டொக்கென்றால் இன்னும் கொஞ்சம், ணங். அந்த ஒரு சத்தம் வந்த நொடியில் தேங்காயைக் கொட்டிக் கிளறி இறக்கிவிட வேண்டும். தீபாவளி வந்தால் இந்தத் தெருவில் நாலு வீட்டில் பாகு வைப்பார்கள், "சம்பூரணத்தக் கூப்புடு, காது குடுத்துக் கேக்கட்டும்" என்று ஆள் வரும். நான் போய் அடுப்புப் பக்கம்கூடத் திரும்பாமல், முதுகைக் காட்டி நின்றுகொண்டே, "இப்ப எறக்கு" என்பேன். போன தீபாவளிக்கு ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் பக்கத்து வீட்டுக்காரியின் பாகு கருகிவிட்டதற்கு நான்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொறாமை பிடித்தவள். என் வீட்டு டீவி சத்தம் அவள் வீட்டுச் சுவரைக் குடைகிறதென்று இவரிடம் புகார் சொன்னவளும் அவள்தான்.

நுரை கட்டுகிறது. தீயைக் குறைத்தேன். வெல்லம் கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறி, நாக்கடியில் எச்சில் ஊறி, ஒரு நொடி எனக்கு வீடும் மறந்தது வக்கீலும் மறந்தான். மறக்கக் கூடாது. வரிசையாக யோசித்தால் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. முதலில் காலிங்பெல். அதை இவர் என்னமோ செய்துவிட்டார். யார் வந்தாலும் எனக்குத் தெரிவதில்லை, நான் நிமிர்ந்து பார்க்கும்போது யாரோ ஒருத்தர் வாசலில் இவரிடம் பேசிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார். கேட்டால், "பெல்லு நல்லாத்தான இருக்குது" என்பார், மின்சாரத்திலேயே வேலை பார்த்த மனுஷன், ஒரு கம்பியைப் பிடுங்கிவிட எவ்வளவு நேரமாகும்? அப்புறம் குக்கர். விசில் வருவதே இல்லை. வெயிட்டை மாற்றினேன், ரப்பரை மாற்றினேன், கடைக்கே தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தேன், அவன் ஒன்றும் கோளாறில்லை என்று கையை விரித்துவிட்டான். சோறு குழைந்து கூழாகிறது. கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் படியை மிதிக்காத மனுஷன் இப்போது குக்கர் வைத்தால் ஓடிவந்து அடுப்பை அணைக்கிறார். அன்பா? இவருக்கு இவ்வளவு வயசுக்கு மேல் திடீரென்று எங்கிருந்து முளைத்தது அன்பு? என் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில்தான் வீட்டுப் பத்திரம் வைத்திருந்தேன், எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அன்றைக்கே எடுத்து அரிசிப் பானைக்குள் மாற்றிவிட்டேன். தயிர்க்காரி வேறு இந்தத் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். இல்லை, வருகிறாள், பக்கத்து வீட்டில் ஊற்றுகிறாள், என் வாசலில் மட்டும் கூவுவதில்லை. காலையில் கொய்யா மரத்தில் அப்படிக் கத்துமே குருவி, அதுவும் இல்லை. அதற்குக் காரணம் செல்போன் டவர், அதற்கு இவரைக் குறை சொல்ல முடியாது.

"இன்னும் ஆகலியாம்மா?" சுகுணா சமையலறைப் படியில் நிற்கிறாள். எப்போது வந்தாள்? பூனை மாதிரி வந்து நிற்கிறாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் எடுக்க வந்தவள் போல சொம்பை எடுத்தாள். "கூப்புட்டுட்டே இருக்கறேன், திரும்பவே மாட்டீங்கற" என்றாள். கூப்பிட்டாளாம். பொய். கூப்பிட்டால் திரும்பாமல் நான் என்ன கல்லா? "ஒங்கப்பனும் நீயும் என்ன அப்பிடி ரகசியம் பேசறீங்க?" என்றேன் நேருக்கு நேர். அவள் முகம் ஒரு நொடி வாடி, பிறகு சிரித்தாள். "ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லம்மா." என் முகத்தையே பார்த்தாள், என்னமோ சொல்ல வாயெடுத்தாள், திரும்பி ஹாலைப் பார்த்தாள். அங்கிருந்து இவர் கையை ஆட்டுகிறார். வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டுகிறார். பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். சொம்பில் தண்ணீர்கூட எடுக்காமல் போய்விட்டாள். நான் பெற்றவள். மூன்று நாள் வலி கண்டு பெற்றவள். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போது போட்ட கூச்சலில் தெருவில் ஒருவர் தூங்கியதில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டேதான் சமைப்பேன், இப்போது எனக்கு எதிராக அப்பன் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள். இவர் எப்படியோ போகட்டும், சுகுணா இப்படிச் செய்யலாமா?

அவள் பெற்றதும் இருக்கிறதே, பாப்பா, அது மட்டும்தான் இந்த வீட்டில் என்னிடம் வஞ்சகம் இல்லாத ஜீவன். அழவே அழாது. நேற்று ராத்திரி முழுக்க ஒரு சத்தமில்லை, நான் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். காலையில் சுகுணாவின் கண் சிவந்திருந்தது, பாப்பா விடிய விடிய அழுதாள்மா என்கிறாள். எனக்குத் தெரியாமலா? பக்கத்து அறையில்தானே படுத்திருந்தேன். இதிலும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்றுதான் புரியவில்லை. ஒருவேளை எதையாவது கொடுத்துத் தூங்க வைக்கிறாளோ, அந்தச் சொட்டு மருந்து, இந்தச் சொட்டு மருந்து என்று. காலுக்குக் கொலுசு வாங்கிப் போட்டேன், சலங்கை வைத்த வெள்ளிக் கொலுசு, அது காலை உதைத்து உதைத்து ஆட்டுகிறது, கிணுங் என்று ஒரு சத்தமில்லை. சலங்கைக்குள் மணி போடாமல் ஏமாற்றிவிட்டான் நகைக்கடைக்காரன். திங்கட்கிழமை போய் அவனை இரண்டில் ஒன்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே போனால்தான் முடியும், ஆனால் வெளியே போகிற நேரம் பார்த்து அரிசிப் பானையில் கை விட்டால்?

பாகு கம்பி ஆகிவிட்டது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கரையாமல் நின்றது. எடுத்து உருட்டித் தட்டில் போட்டேன். சத்தமில்லை. இருக்காது, இன்னும் இளம் பாகு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. இந்தத் தடவை உருண்டை விரலுக்குள் நன்றாகத் திரண்டது, போட்டேன், தட்டில் ஒரு குதி குதித்து ஓரத்தில் போய் நின்றது. சத்தமில்லை. குதிக்கிற உருண்டை ஏன் பேசவில்லை? ஹாலைப் பார்த்தேன், இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எப்போது அடுப்பை விட்டு நகர்வேன் என்று பார்க்கிறார்கள். நகரமாட்டேன். நிறம் கொஞ்சம் சிவந்தது. மூன்றாவது சொட்டு. கல்லாக இருந்தது உருண்டை. நகத்தால் அழுத்தினால் நகம் வழுக்குகிறது. கை போதும் போதும் என்கிறது. கையை எப்போது நம்பினேன்? போட்டேன். சத்தமில்லை. மறுபடியும் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் அஸ்காதான், சந்தேகமே இல்லை, அஸ்கா கலந்ததனால் கெட்டியாகும் ஆனால் பேசாது. அல்லது தட்டு. பழைய தட்டை எடைக்குப் போட்டுவிட்டு மெல்லிசுத் தட்டாக வாங்கி வைத்துவிட்டார்களோ? கவிழ்த்துப் பார்த்தேன். விளிம்பில் எங்கப்பா பேர் வெட்டியிருக்கிறது, கீழே என் கல்யாணத் தேதி. சீரில் வந்த அதே தட்டு. இத்தனை தீபாவளிக்கும் என்னிடம் பேசின தட்டு. பாகு கறுக்கிறது, ஓரத்தில் புகை எழும்புகிறது, தீய்ந்த வாசனை வந்துவிட்டது. வாசனை வந்தாலும் சத்தம் வராமல் எப்படி இறக்குவது? ஒருநாளும் அப்படி இறக்கியதில்லை. இன்னொரு உருண்டை. கறுப்பாக, கோலிக்குண்டு மாதிரி. இவர் மேல் இருந்த கோபம், வக்கீல் மேல், வெல்லக்காரன் மேல், நகைக்கடைக்காரன் மேல் இருந்த கோபம் எல்லாம் கையில் ஏறி, தலைக்கு மேல் தூக்கித் தட்டில் ஓங்கி அடித்தேன்.

தட்டு மேடையில் கிடந்து சுழன்றது. நிமிர்ந்தேன். இவர் நாற்காலியை விட்டு எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். சுகுணா ஒரு காதைப் பொத்தியிருக்கிறாள். தொட்டிலுக்குள் பாப்பாவின் இரண்டு கையும் விரல் விரித்து மேலே வந்து நடுங்கின. சுகுணா அள்ளி எடுத்தாள், பாப்பாவின் முகம் சிவந்திருந்தது, வாய் முழுக்கத் திறந்திருந்தது, அண்ணாக்குக்கூடத் தெரிந்தது. அழாத குழந்தை அழுகிறது. கண்ணில் தண்ணீர் தெறிக்க அழுகிறது. எனக்கு, எங்கேயோ நாலு வீடு தள்ளிக் கதவை மூடிக்கொண்டு யாரோ அழுவது மாதிரி, மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். தட்டு சுழல்வதை நிறுத்தவில்லை. ஸ்டீல் தட்டு மேடைக் கல்லில் சுழன்றால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் விழுந்தால் பல்லைக் கடிப்பேனே, அந்தச் சத்தம். தட்டு சுழல்கிறது. நான் பல்லைக் கடிக்கவில்லை. கையில் இருந்த கரண்டியால் தட்டை ஒரு தட்டுத் தட்டினேன். தோளில் கிடந்த பாப்பாவின் கண் சிமிட்டியது. மறுபடியும் தட்டினேன். சிமிட்டியது. இன்னும் மெதுவாக, விரல் நகத்தால் சுண்டுகிற மாதிரி தட்டினேன். அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தது. பாப்பாவுக்குக் கேட்கிறது. அப்படியானால் காலிங்பெல், அப்படியானால் குக்கர், தயிர்க்காரி வந்து கூவி நின்று போயிருக்கிறாள், குருவி அங்கேயேதான் இருக்கிறது, ராத்திரியெல்லாம் பாப்பா அழுதிருக்கிறது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டை மாதிரி கிடந்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரியின் பாகு, ஐயோ, அந்தப் பாகைக் கருக்கியதும் நான்தான். எனக்குப் பயமாக இருந்தது. வக்கீலுக்குப் பயப்படாத பயம்.

சுகுணா வந்து அடுப்பை அணைத்தாள். வாணலிக்குள் தார் மாதிரி இருந்தது. புகைக்கு நடுவில் என் எதிரே நின்று, பாப்பாவை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, கலங்கிய கண்களோடு பேசினாள். நான் முதல்முறையாக அவள் உதட்டைப் பார்த்தேன். "காது டாக்டர்கிட்டம்மா... வெள்ளிக்கெழம... அப்பாதான் சொல்ல வேண்டான்னாரு, நீ கோவிச்சுட்டு வரமாட்டீன்னு... யார் சொல்றதுன்னுதான் காலையிலிருந்து ரெண்டு பேரும்..." பாதி கேட்டது, பாதி உதட்டில் இருந்தது. அவளுக்குப் பின்னால் இவர் வந்து சமையலறைப் படியில் நின்றுவிட்டார், ஏறலாமா வேண்டாமா என்பது போல. வீடு பத்திரமாக இருக்கிறது. பத்திரம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஒருவரும் அதைத் தேடவில்லை. நிம்மதி வர வேண்டும், வரவில்லை, வீட்டைக் கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம் என்று இருந்தது. இனி தீபாவளிக்கு எந்த வீட்டிலிருந்து என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? தட்டின் ஓரத்தில் கிடந்த கறுப்பு உருண்டையை எடுத்து வாயில் போட்டேன். கசந்தது. கடைவாயில் வைத்துக் கடித்தேன், மண்டைக்குள் படீரென்று உடைந்தது, அவ்வளவு பெரிய சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் படியேறி வந்து என் முன்னால் நின்று என்னமோ சொன்னார். வழக்கம் போல, என்ன முணுமுணுக்கிறீர்கள் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன், கசப்போடு சேர்த்து.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றேன். "எனக்குக் கேக்கலீங்க."